இரவில் பாடும் ரம்பம்

ஏப்ரல், மே மாதங்களில் மைசூரில் மழை தனியாக வருவதில்லை. கூடவே காற்று வரும், மரம் விழும். தேவராஜ மொஹல்லா போன்ற நெரிசலான பழைய பேட்டையில் ஒரு கிளை முறிந்தாலே போக்குவரத்து ஸ்தம்பித்துவிடும். அப்போது காதைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்கிறது பெட்ரோல் ரம்பம். (பேச்சு ரம்பமல்ல, நிஜ ரம்பம்!)

கோடரிக்காரருக்குத் தோள்தான் மூலதனம். ரம்பக்காரருக்கோ பராமரிப்பு. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும் - பல மாடல்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. மறந்தால் பிஸ்டன் இறுகி இயந்திரம் செத்தது. சங்கிலிக்குத் தனி எண்ணெய். பல் கூராக இருந்தால் மரம் சீவலாக உதிரும். மழுங்கினால் மாவாகக் கொட்டும். மாவைப் பார்த்ததும் நிறுத்தி, உருட்டு அரத்தால் தீட்டுபவர் கெட்டிக்காரர். தீட்டாமல் அழுத்துபவர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். ரம்பத்தின் மேல்நுனி மரத்தில் இடித்தால் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். ஆனாலும் ஹெல்மெட் இல்லாமல், லுங்கியோடு கிளையில் நின்று அறுப்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

ரம்பத்தின் வேகம் ஊருக்கும் கவலைதான். 2025 ஏப்ரலில் மைசூர் ஹைதர் அலி சாலையை அகலப்படுத்த 40 மரங்கள் இரவோடு இரவாகச் சாய்க்கப்பட்டன. மரம் வெட்ட அனுமதி கட்டாயம் என்று கர்நாடகத்தில் 1976லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் கோடரிக் காலமாக இருந்தால், முதல் மரம் விழுவதற்குள் அக்கம்பக்கம் கூடியிருக்கும். ஹைதர் அலி சாலையில் ஆர்வலர்கள் போராடக் கூடியபோது எஞ்சியிருந்தவை அடிக்கட்டைகள்.