பரியாரியார் எதைப் பார்க்கிறார்?

படுவான்கரைப் பரியாரியார் எடுத்த எடுப்பிலே மருந்து தருவதில்லை. முதலில் மூன்று விரலால் நாடி பிடிப்பார்: ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். பின்பு உடம்பைத் தொடுவார். நாக்கு, நிறம், குரல், விழி கவனிப்பார். மலசலம் பற்றி விசாரிப்பார். சித்த வைத்தியத்தில் இது எண்வகைத் தேர்வு. யப்பானிய விரலழுத்த வைத்தியமான சியாட்சுவிலும் பார்த்து, குரல் கேட்டு, வினவி, வயிற்றைத் தொட்டே நோயாளியின் நிலையை அறிகிறார்கள்.

இந்தக் கவனம் நமக்கும் வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்தில் உழைப்பவர் படுத்தால் அடுப்பு எரியாது. வயற்சேற்றில் தொற்றும் எலிக்காய்ச்சல், 2008 இல் இலங்கையில் 7000 பேருக்கு மேல் ஐயுறப்பட்டது. காய்ச்சலோடு விழி சிவந்திருக்கிறதா? கெண்டைக்காலைத் தொட்டால் நோகிறதா? சலம் குறைந்து நிறம் மாறியதா? அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கள். வயலில் இறங்கியதையும் சொல்லுங்கள். நாடி மட்டும் இதைக் காட்டாது, இரத்தப் பரிசோதனை வேண்டும்.

வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். நல்ல பரியாரியார் தம் எல்லையையும் அறிந்தவர்: “இது ஆசுப்பத்திரிக்குரியது” என்று நேரத்தோடு அனுப்பிவைப்பார்.