லயத்துப் பிள்ளைக்கு ஒரு பல்கலைக்கழக இடம்

1962 அக்டோபர் 1ஆம் தேதி, அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின இளைஞர் மாணவராகப் பதிந்துகொண்டார். அதைத் தடுக்க முந்தைய இரவு நடந்த கலவரத்தில் இருவர் செத்துப்போனார்கள். மலேசியாவில் ஒரு மாணவர் சேர்வதைத் தடுக்க எந்தப் பல்கலைக்கழக வாசலிலும் இப்படிக் கலவரம் நடந்ததில்லை. இங்கே தடுப்பதெல்லாம் சட்டமும் விண்ணப்பப் படிவமும்தான்.

கேமரன் மலையில் 1929இல் போ நிறுவனம் தேயிலைத் தோட்டம் போட்டது. கொழுந்து பறிக்க வந்த தமிழர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளி கிடைத்தது. ஆறாம் வகுப்போடு அதுவும் முடிந்தது. பல்கலைக்கழகமோ ஆங்கிலத்தில் நடந்தது, ஆங்கிலப் பள்ளிகள் பட்டணத்தில் இருந்தன. இன அடிப்படையிலான இட ஒதுக்கீடான கோட்டா வந்துதான் தோட்டத்துப் பிள்ளையின் வழி அடைபட்டது என்று மேடையில் முழங்குவது சுலபம். அதற்கு முன்னும் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து யாரும் சாரைசாரையாகப் பட்டம் வாங்கப் போய்விடவில்லை.

மலேசியாவில் 1969 மே மாதம் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு, 1971இல் அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு திருத்தப்பட்டது. மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உயர்கல்வி இடம் ஒதுக்க அது வழிசெய்தது. கம்பத்து மலாய்ப் பிள்ளைகளும் அதுவரை வெளியேதான் நின்றார்கள்; அந்த நியாயத்தை மறுக்க முடியாது. ஆனால் ஏழ்மையை இனம் பார்த்து அளந்ததில், தோட்டத்து ஏழை கணக்கில் வரவில்லை.

2002இல் பல்கலைக்கழகக் கோட்டாவை எடுத்துவிட்டு ‘தகுதி’யைக் கொண்டுவந்தார்கள். சிக்கல் அங்கேதான். பல்கலைக்கழகத்துக்குப் போக ஓராண்டு மெட்ரிகுலேஷன் ஒரு வழி. ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் தேர்வு எழுதுவது இன்னொரு வழி. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காட்டு இடங்கள் பூமிபுத்ராக்கள் எனப்படும் மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும். பிறகு, வெவ்வேறு தேர்வுகளில் வாங்கிய புள்ளிகளை ஒரே தராசில் வைக்கிறார்கள்: கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. மணியடித்ததும் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளை, சாயங்காலச் சாரணர் அணிவகுப்பில் எப்படி நிற்பது?

மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் முயற்சியில் 2001இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பிறந்தது. பலருக்கு அது கைகொடுத்தது. என்றாலும் தனியார் பல்கலைக்கழகக் கட்டணம், கொழுந்து எடை பார்த்துக் கூலி வாங்கும் வீட்டுக்குக் கட்டுபடியாகிற தொகையல்ல.

2024இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் பத்து ஏ எடுத்த எல்லோருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். ஒன்பது ஏ எடுத்த இந்திய மாணவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சேர்க்கைப் பட்டியலில் பெயர் வராவிட்டால், மேல்முறையீடு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.