செங்காந்தள்: மருந்தாகும் கிழங்கு, உயிரைப் பறிக்கும் நஞ்சு

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து பூக்கும் கொடி. நெளிந்த விளிம்புள்ள ஆறு இதழ்களும் மஞ்சளிலிருந்து மெல்லச் சிவக்கும். இலையின் நுனி சுருண்டு, அருகிலுள்ள கொம்பைப் பற்றிக்கொள்ளும். மண்ணுக்கடியில் கலப்பை வடிவில் கிழங்கு இருக்கும். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு என்றெல்லாம் வழங்குவது இதுவே.

இதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின், கௌட் எனும் மூட்டு நோய்க்கு அலோபதி மருந்தாகிறது. அதற்கான விதைக்காகவே திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இது பயிரிடப்படுகிறது. சித்த மருத்துவம் கிழங்கை முறைப்படி சுத்தி செய்த பின்னரே பயன்படுத்துகிறது.

கோல்சிசின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கும். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. பிரசவ வலியைத் தூண்டவும் கருவைக் கலைக்கவும் இதைக் கொடுப்பது தாயின் உயிருக்கே உலை வைக்கும்.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படலாம். பிழைத்தவர்களுக்கும் பின்னர் முடி கொட்டுவதுண்டு. வழக்கமான சிகிச்சையில் இதற்கென முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் மருத்துவமனைக்குப் போவதே உயிர் காக்கும் வழி. வாந்தி எடுக்கவைக்க முயலாமல், 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மிச்சமிருக்கும் கிழங்கையோ மருந்துச் சீட்டையோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தி நின்றுவிட்டதே என்று பாதியில் வீடு திரும்பக் கூடாது.

மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் (1940) கீழுள்ள விதிகளில், இ-1 அட்டவணை இக்கிழங்கை நச்சுப் பொருளாக வகைப்படுத்துகிறது. இது சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் ஆயுர்வேத, சித்த மருந்தின் லேபிளில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண்ணும் கட்டாயம். இவை இல்லாத பொட்டலத்தை வாங்கக் கூடாது. சிகிச்சை தருபவரின் பதிவு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மருந்தால் பாதிப்பு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளித்து இழப்பீடு கோரலாம். ரசீது, லேபிள், சிகிச்சை ஆவணங்கள் அதற்குச் சான்றாகும்.

செங்காந்தள் வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. கொடி வளரும் இடங்களில் குழந்தைகளுக்கு அதை அடையாளம் காட்டி எச்சரிப்பது பெரியவர்களின் கடமை.