அக்காவுக்கு வர வேண்டிய மெயில் எங்க போச்சு?

போன எபிசோட்ல ஸ்டாட்டிக் வெப்சைட்னா என்னன்னு பேசினோம். சர்வர்ல புரோகிராம் எதுவும் ஓடாம, எழுதி வச்ச எச்டிஎம்எல் ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுக்கிற சைட். அதை நம்ம சொந்த டொமைன்ல எப்படிப் போடுறதுங்கறதுதான் இன்னைக்கு. முதல்ல நான் பண்ண சொதப்பலைச் சொல்லிடறேன், விஷயம் மொத்தமும் அதுக்குள்ளயே இருக்கு.

எங்க அக்கா வீட்டுலயே கேக் செஞ்சு விக்கிறா. ஆர்டர்ல பாதி அவ டொமைன் பேர்ல இருக்கிற மெயிலுக்குத்தான் வரும். சைட்ல இருக்கிறது விலைப் பட்டியலும் படங்களும் மட்டும்தான், அதுக்கு வருஷா வருஷம் ஹோஸ்டிங் பணம் கட்டிட்டு இருந்தா. "இதுக்கு எதுக்குக்கா காசு, நான் சும்மாவே ஓட வைக்கிறேன்"னு வாயைக் கொடுத்துட்டேன்.

சைட் வேலை ஒரு ஞாயித்துக்கிழமை மதியமே முடிஞ்சுடுச்சு. ஃபைல் எல்லாத்தையும் கிட்ஹப்ல ஒரு ரெப்போல போட்டு, செட்டிங்ஸ்ல பேஜஸ் பகுதிக்குப் போய், எந்த பிராஞ்ச்ல இருந்து வெளியிடணும்னு சொன்னேன். அவ்வளவுதான். விலை மாத்தணும்னா ஒரு வரியைத் திருத்தி புஷ் பண்ணா சில நிமிஷத்துல சைட்ல தெரியும். தப்பாப் போச்சுன்னா பழைய கமிட்டுக்குத் திரும்பிடலாம். இந்தத் தைரியம்தான் என்னைக் கவுத்துச்சு.

டொமைனை இந்தப் பக்கம் திருப்ப ரெண்டு விதமான ரெக்கார்டு வேணும். வெறும் டொமைன் பேருக்கு நாலு ஏ ரெக்கார்டு: 185.199.108.153ல ஆரம்பிச்சு 109, 110, 111ன்னு போகும். டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்ட பேருக்கு ஒரு சிநேம், அது உங்க யூசர்நேம் டாட் கிட்ஹப் டாட் ஐஓவைக் காட்டணும். ரெண்டுக்குமே சிநேம் போடக் கூடாதான்னு கேக்கலாம். சிநேம்னா "இந்தப் பேரைப் பத்தி எது வேணும்னாலும் அங்க போய்க் கேளு"ன்னு அர்த்தம். அது இருக்கிற பேர்ல பக்கத்துல வேற ரெக்கார்டு இருக்கக் கூடாது. வெறும் டொமைன் பேர்லயோ நேம்சர்வர் ரெக்கார்டும் மெயிலுக்கான எம்எக்ஸ் ரெக்கார்டும் இருந்தே ஆகணும்.

இதெல்லாம் தெரிஞ்சும் கோட்டை விட்டேன். அன்னைக்கே நேம்சர்வரையும் வேற ஒரு சேவைக்கு மாத்தினேன். ஏ ரெக்கார்டு, சிநேம் ரெண்டும் போட்டேன். சைட் திறந்துச்சு, பூட்டுப் படமும் வந்துச்சு. எம்எக்ஸைக் காப்பி பண்ணவே இல்லை.

வியாழக்கிழமை அக்கா போன் பண்ணா. "டேய், ரெண்டு நாளா ஒரு மெயில்கூட வரலை. ஏதாவது பண்ணியா?"

ஏன் உடனே தெரியலைன்னா, டாட் காம் டொமைனோட நேம்சர்வர் விவரத்தை மத்த சர்வர்கள் 1,72,800 விநாடி வரைக்கும் நினைவுல வச்சுக்கலாம், அதாவது ரெண்டு நாள். அதுவரைக்கும் சிலரோட மெயில் பழைய ரெக்கார்டைப் பார்த்து ஒழுங்கா வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. எம்எக்ஸ் இல்லைன்னா, அனுப்புற சர்வர் ஏ ரெக்கார்டுல இருக்கிற முகவரிக்கே போய்த் தட்டிப் பார்க்கும். அங்க மெயில் வாங்க ஆள் இல்லை. உடனே திருப்பி அனுப்பாது, வரிசையில வச்சு நாள் கணக்குல திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். சில சேவைகள் நடுவுல "தாமதம் ஆகுது"ன்னு ஒரு அறிவிப்பு அனுப்பும். அதை யார் படிக்கிறாங்க?

எம்எக்ஸைப் போட்டேன். அன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒன்பது மெயில் மொத்தமா வந்து விழுந்துச்சு. அதுல ஒண்ணு, புதன்கிழமை நடந்த ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு மூணு கிலோ கேக். பதில் வரலைன்னு அவங்க வேற கடையில வாங்கிட்டாங்க. அக்கா போன் பண்ணி அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டப்ப நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்.

இப்ப நான் செய்யற விதம் வேற. நேம்சர்வரைத் தொடறதுக்கு முன்னாடி, பழைய பேனல்ல இருக்கிற ரெக்கார்டு எல்லாத்தையும் ஏற்றுமதி பண்ணி எடுத்துக்கறேன். என்னன்னே புரியாத டிஎக்ஸ்டி ரெக்கார்டையும் விடறதில்லை, மெயில் ஸ்பேமுக்குப் போகாம காப்பாத்தறது பல நேரம் அதுதான். சும்மா ஒரு ஏ ரெக்கார்டை மாத்தறதுன்னா முதல் நாளே அதோட டிடிஎல்லை 300 விநாடிக்குக் குறைச்சிடறேன். தப்பு நடந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாகும்.

முக்கியமா, ரெக்கார்டுகளும் இப்ப ரெப்போலதான் இருக்கு. டிஎன்எஸ்கன்ட்ரோல், ஆக்டோடிஎன்எஸ்னு ரெண்டு கருவி இருக்கு. முதலாவது ஸ்டாக் ஓவர்ஃப்ளோக்காரங்க செஞ்சது, ரெண்டாவது கிட்ஹப்ல பிறந்தது. ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ரெக்கார்டை எழுதி வச்சா, அதைப் பார்த்து டிஎன்எஸ் சேவையில மாத்திடும். (1983ல பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சதே, எல்லாக் கம்ப்யூட்டர் பேரும் ஒரே டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து கட்டுப்படியாகாமப் போனதாலதான். நாம திரும்ப ஃபைலுக்கே வந்துட்டோம்!) நான் முதலாவதைப் பயன்படுத்தறேன். ப்ரிவ்யூன்னு சொன்னா எது சேரும், எது போகும்னு முன்னாடியே காட்டும். கவனமா இருங்க, ஃபைல்ல இல்லாத ரெக்கார்டை அது அழிச்சிடும். அதனால முதல்ல இருக்கிறதை எல்லாம் இறக்கி ஃபைலாக்கிட்டு ஆரம்பிங்க. ஏபிஐ சாவியை மட்டும் ரெப்போல போட்டுடாதீங்க.

இன்னொண்ணு. சைட்டை மூடும்போது ரெப்போவை அழிச்சுட்டு ரெக்கார்டை அப்படியே விட்டுடாதீங்க. வேற யாராவது தன்னோட ரெப்போல உங்க டொமைன் பேரைச் சேர்த்து, உங்க பேர்ல அவங்க சைட்டை ஓட்ட முடியும். டிஎக்ஸ்டி ரெக்கார்டு போட்டு டொமைன் உங்களோடதுன்னு கிட்ஹப்ல உறுதி பண்ணிட்டா இதைத் தடுக்கலாம்.

போன மாசம் அக்கா மெயில் சேவையை மாத்தினா. ப்ரிவ்யூல ரெண்டு எம்எக்ஸ் போகுது, ஒண்ணு வருதுன்னு காட்டிச்சு. லேப்டாப்பை அவ பக்கம் திருப்பினேன். ரொம்ப நேரம் பார்த்தா. "சரி, ஆனா சனிக்கிழமை ஆர்டர் முடிஞ்சப்புறம் பண்ணு"ன்னா.