பரிந்துரையும் ஓர் அமானிதமே!

 



பயணம் புறப்படும்போது நாம் துஆ ஓதுகிறோம். உயிருக்கும் உடைமைக்கும் குடும்பத்திற்கும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறோம். திருடனுக்கு அஞ்சிப் பெட்டியைப் பூட்டுகிறோம். ஆனால், பயணத்தில் நம் பொருள் வீணாகும் வழிகளில் ஒன்றுக்குப் பூட்டே கிடையாது. நாம் நம்பிய ஒருவர் "இந்தக் கடையில் வாங்குங்கள்" என்று கைகாட்ட, நாமே மனமுவந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடும் வழி அது. இதற்குத் தெளிவான உதாரணம் இன்றைய உல்லாசக் கப்பல் பயணங்களில் இருக்கிறது. அதை அறிந்து, நம் மார்க்கம் அது பற்றி என்ன கூறுகிறது என்பதையும் சிந்திப்போம்.

கப்பலில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் மியாமி போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பயணிகளுடன் பெரும் கப்பல்கள் கரீபியன் கடலுக்குப் புறப்படுகின்றன. அமெரிக்க விர்ஜின் தீவுகளின் சார்லட் அமாலி, மெக்சிகோவின் கொசுமெல், சின்ட் மார்ட்டின் தீவின் பிலிப்ஸ்பர்க் முதலிய ஊர்களில் அவை சில மணி நேரம் நிற்கும். கோடைக்காலத்தில் இவ்வாறே பல கப்பல்கள் அலாஸ்காவின் ஜூனோ, கெட்சிகன், ஸ்காக்வே ஆகிய ஊர்களுக்குச் செல்லும்.

கரையைத் தொடுவதற்கு முன்பே கப்பலில் ஒரு கூட்டம் நடைபெறும். கடைவீதி ஆலோசகர் என்ற பெயரில் ஒருவர் மேடையேறி, அடுத்த ஊரில் எங்கு வாங்குவது பாதுகாப்பானது என்று விளக்குவார். சில கடைகளை மட்டும் குறித்த வரைபடத்தைக் கையில் கொடுப்பார். இன்ன கடைக்குச் சென்றால் ஒரு சிறு பதக்கம் இலவசம் என்று சீட்டும் தருவார்கள். "இவ்வளவு பெரிய நிறுவனம் ஆராய்ந்து பார்த்துத்தானே தேர்ந்தெடுத்திருக்கும்!" என்று பயணி நம்புகிறார்.

உண்மை என்ன? அந்தக் கடைகள் அப்பட்டியலில் இடம்பெறுவதற்காகப் பணம் செலுத்துகின்றன. விலை மலிவு என்பதற்காக அவை தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. இச்செய்தி வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிப்பவர் சிலரே. இந்த மறைவைக் கருத்தில் கொண்டுதான் அலாஸ்கா மாநிலம் தன் சட்டத்திலேயே ஒரு விதி வகுத்திருக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு ஒரு கடையைக் கப்பலில் புகழ்ந்து பேசுவோர், அந்தக் கடை பணம் கொடுத்திருக்கிறது என்பதை வாயாலும் எழுத்தாலும் பயணிகளுக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பதே அவ்விதி.

விலை ஏன் ஏறுகிறது?

அந்தக் கடைகளில் உள்ளவை எல்லாம் போலிப் பொருள்கள் என்று நாம் கூறவில்லை. பெரும்பாலும் பொருள் உண்மையானதாகவே இருக்கும். சிக்கல் விலையில்தான் இருக்கிறது. கடைக்காரர் பரிந்துரைக்காகக் கொடுத்த தொகையும், துறைமுக வாசலில் கடை வைத்ததற்கான வாடகையும் விலைக்குள்தான் அடங்க வேண்டும். பயணிக்கோ அந்த ஊரின் விலைவாசி தெரியாது. நான்கு கடை ஏறி விசாரிக்க நேரமும் இல்லை. மாலையில் கப்பல் புறப்பட்டுவிடும். கடைக்காரருக்கு இது நன்கு தெரியும். ஆகவே விலைச்சீட்டில் பெரிய தொகையை எழுதி, அதில் பாதியைத் தள்ளுபடி செய்வதாகக் காட்டினாலும் வாங்குபவர் இலாபம் என்றே மகிழ்கிறார்.

தான்சனைட் என்னும் நீலக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், மெரேலானி மலைப்பகுதியில் 1967-ல் இது கண்டெடுக்கப்பட்டது. 1968-ல் அமெரிக்க நகை நிறுவனமான டிஃப்பனி இதற்கு இப்பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் வணிக அளவில் அந்த ஒரே பகுதியில்தான் தோண்டப்படுகிறது. ஆனால் இதைப் புகழ்ந்து விற்கும் கடைகளோ பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கரீபியன் தீவுகளின் துறைமுகத் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. அபூர்வம் என்று சொல்லப்படுகிறதே தவிர, நிறம், தெளிவு, எடை ஆகியவற்றைப் பொறுத்து இதன் விலை மிகவும் வேறுபடும் என்பது எடுத்துச் சொல்லப்படுவதில்லை. கடினத்தன்மையில் நீலமணிக்கு 9 என்றால் தான்சனைட்டுக்கு 6 முதல் 7 வரைதான். தினமும் அணியும் மோதிரத்தில் எளிதில் கீறல் விழும்.

வரியில்லாக் கடை என்ற சொல்லும் பலரை மயக்குகிறது. வரி இல்லை என்றால் அரசுக்குச் சேர வேண்டிய பங்கு இல்லை என்பதே பொருள். கடைக்காரர் வைக்கும் இலாபத்திற்கு அது வரம்பு ஆகாது. கப்பல் தரும் உத்தரவாதமும் இவ்வாறே. பழுதான பொருளை மாற்றித் தருவதற்கு அது உதவலாம். அதிக விலை கொடுத்துவிட்டோம் என்று ஊர் வந்து வருந்துபவருக்கு அது பொதுவாக உதவுவதில்லை.

மார்க்கத்தின் பார்வையில்

அன்பர்களே! ஊர் விலை அறியாத பயணியின் நிலை நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. அக்காலத்தில் கிராமங்களிலிருந்து சரக்கு ஏற்றி வரும் ஒட்டகக் கூட்டங்களைச் சிலர் ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை அவர்களுக்குத் தெரியுமுன் மலிவாக வாங்கிவிடுவர். இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்றும் அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரழி) அவர்களின் இந்த அறிவிப்பு முஸ்லிம் நூலில் உள்ளது. அங்கே ஏமாந்தவர் விற்கும் பயணி. கப்பலில் வருபவரோ வாங்கும் பயணி. இருவருடைய பலவீனமும் ஒன்றுதான்.

வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோகும் ஒரு நபித்தோழர் இருந்தார். ஏமாற்று இருக்கக் கூடாது என்பதை வியாபாரம் பேசும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும்; மறைத்துப் பொய் பேசினால் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தை ஹகீம் பின் ஹிஸாம் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இவ்விரண்டும் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்றவை.

"வாங்கியவர் திருப்தியோடுதானே வாங்கினார்?" என்று கேட்கலாம். இதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி பதில் தருகிறது. யூனுஸ் பின் உபைத் (ரஹ்) அவர்கள் துணி வணிகர். அவர்களுடைய கடையில் 400 திர்ஹம் ஆடைகளும் 200 திர்ஹம் ஆடைகளும் இருந்தன. அவர்கள் தொழுகைக்குச் சென்றிருந்தபோது, கிராமவாசி ஒருவர் வந்து 400 திர்ஹத்தில் ஓர் ஆடை கேட்டார். கடையிலிருந்த சகோதரர் மகன் 200 திர்ஹம் ஆடையைக் காட்ட, அவரும் விரும்பி 400 கொடுத்து வாங்கிச் சென்றார். வழியில் அவரைக் கண்ட யூனுஸ் (ரஹ்) அவர்கள், ஆடையின் பெறுமானம் 200தான் என்று கூறித் திரும்ப அழைத்தார்கள். தம் ஊரில் இது 500 பெறும், தமக்குத் திருப்தியே என்று அவர் சொன்னபோதும் விடவில்லை. கடைக்கு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்து, சகோதரர் மகனையும் கண்டித்தார்கள். விலை அறியாதவரின் திருப்தியை அவர்கள் திருப்தியாகவே கணக்கில் கொள்ளவில்லை!

திருப்பிக் கொடுக்க முடியுமா?

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் எழுதிய ஃபத்ஹுல் முயீன் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ சட்டநூல். கண்ணாடித் துண்டை இரத்தினம் என்று தானாகவே எண்ணி ஒருவர் அதிக விலைக்கு வாங்கிவிட்டால், விலை நட்டத்தை மட்டும் காரணம் காட்டித் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று அந்நூல் கூறுகிறது. காரணம், விசாரிக்காமல் தன் எண்ணத்தை நம்பியது அவருடைய கவனக்குறைவு. ஹனஃபீ மத்ஹபில், விற்பவர் பொய்யான சொல்லால் ஏமாற்றி, அதனால் பெரும் நட்டம் நேர்ந்திருந்தால் முறிக்கும் உரிமை உண்டு. வெறும் விலை நட்டத்திற்கு இல்லை என்பதே ஃபத்வாவுக்குரிய கருத்து. விலை அறியாமல் விற்பவரை நம்பி ஏமாந்தவருக்கு ஹம்பலீ மத்ஹபு உரிமை அளிக்கிறது.

இதிலிருந்து இரண்டு படிப்பினைகள் கிடைக்கின்றன. வாங்குபவர் விசாரிப்பது அவருடைய பொறுப்பு. பிறகு பழிசொல்லிப் பயனில்லை. விற்பவருக்கோ, வியாபாரம் செல்லுபடியாகிவிட்டது என்பதால் அல்லாஹ்விடம் தப்பித்துவிட்டோம் என்ற எண்ணம் கூடாது. பொய் சொல்லியும் மறைத்தும் பெற்ற இலாபத்திற்கு மறுமையில் விசாரணை உண்டு.

கைகாட்டுபவரின் பொறுப்பு

இடைத்தரகர் கூலி பெறுவது கூடாதா? கூடும். இப்னு ஸீரீன், அதா, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய முன்னோர்கள் தரகுக் கூலியில் குற்றம் காணவில்லை என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஆனால் தரகர் தரகராகவே தெரிய வேண்டும். கடைக்காரரிடம் கூலி வாங்கிக்கொண்டு, வாங்குபவருக்கு நலம் நாடும் ஆலோசகராக வேடமிடுவது வேறு. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஹதீஸ் உள்ளது. அந்த அமானிதத்தை இரகசியமாக விற்பதுதான் மோசடி.

இது கப்பலோடு முடிந்துவிடும் விஷயமன்று. உம்ராக் குழுவை ஸியாரத்துக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி, வாகனத்தைப் பேரீச்சம்பழக் கடை வாசலில் நிறுத்தும்போது அவருக்கும் இது பொருந்தும். மருத்துவமனைக்கு வந்த வெளியூர்க்காரருக்கு விடுதி காட்டுபவருக்கும், திருமண வீட்டாருக்கு நகைக்கடை சொல்பவருக்கும் பொருந்தும். கமிஷன் உண்டென்றால் "எனக்கு இதில் ஒரு பங்கு உண்டு" என்று சொல்லிவிடட்டும். சொன்ன பிறகும் அவர் வாங்கினால் அது ஹலாலான கூலி. சொல்ல நா கூசுகிறது என்றால், அந்தக் கூச்சமே போதுமான சாட்சி.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் பேருவளை ஆகிய ஊர்களைச் சேர்ந்த நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக இரத்தின வணிகம் செய்பவர்கள். கல்லை நிறுத்தவும் தரம் பிரிக்கவும் அறிந்தவர்கள். அந்த அறிவு அல்லாஹ் தந்த நிஃமத். அறியாதவரிடம் அதை எப்படிப் பயன்படுத்தினோம் என்ற கேள்வி ஒருநாள் கேட்கப்படும்.

பயணத்தில் கவனிக்க வேண்டியவை

ஒன்று, விலையுயர்ந்த பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் புறப்படுமுன் உள்ளூரிலேயே அதன் விலையை விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, கடையைக் காட்டுபவரிடம் "உங்களுக்கு இதில் கமிஷன் உண்டா?" என்று கண்ணியமாகக் கேளுங்கள்.

மூன்று, தள்ளுபடி எவ்வளவு என்று பாராமல், கடைசியில் நாம் கொடுக்கும் தொகை எவ்வளவு என்று பாருங்கள்.

நான்கு, கல்லின் பெயர், எடை, தரம், அது சூடேற்றப்பட்டதா என்ற விவரங்களை இரசீதில் எழுதி வாங்குங்கள். விற்ற கடையே எழுதித் தரும் மதிப்புச் சான்றைப் போதுமானதாகக் கொள்ளாமல், தனிப்பட்ட பரிசோதனைக் கூடத்தின் சான்றைக் கேளுங்கள்.

ஐந்து, இயலுமானால் மூன்று நாள்கள் வரை திருப்பிக் கொடுக்கும் உரிமையை நிபந்தனையாகப் பேசிக்கொள்ளுங்கள். மார்க்கம் இதை அனுமதித்திருக்கிறது. மாலையில் கப்பல் ஏற வேண்டியவருக்கு இந்த உரிமை பயன்படாது. அப்படிப்பட்ட இடத்தில் பெருந்தொகைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆறு, ஊருக்கு வெறுங்கையோடு போக முடியாதே என்ற நெருக்கடியைக் குடும்பத்தார் உண்டாக்காதீர்கள். பயணி பத்திரமாகத் திரும்புவதே பெரிய அன்பளிப்பு.

அன்புச் சகோதரர்களே! அடியானின் பாதம் மறுமையில் நகருமுன் கேட்கப்படும் கேள்விகளுள், பொருளை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்பதும் உண்டு. ஏமாற்றி ஈட்டியவரைப் போலவே, ஆராயாமல் செலவிட்டவரும் பதில் கூற வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தையும் செலவையும் ஹலாலாக்கி வைப்பாயாக! எங்களை நம்பி வருவோருக்கு உண்மையையே எடுத்துச் சொல்லும் உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் வியாபாரங்களிலும் பயணங்களிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.