மிதமான குளிர்காலமும் பல்லாண்டுச் செடிகளும்

நம் முன்னோர் மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்றும், மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம் என்றும் வகுத்தனர். அக்காலத்தும் நம் சமவெளிகளில் செடிகொடிகள் வளர்ச்சி ஒழிந்து நிற்பதில்லை. ஆதலின், இங்கிலாந்து தேசத்துத் தோட்டக்காரர் பகற்பொழுது எட்டு மணி நேரமாகக் குறுகி, மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் டிசம்பர் மாதத்திலே மண்வெட்டி ஏந்திச் செடி நடப் புறப்படுகின்றனர் என்று கேட்கும் நம்மவர்க்கு அது வியப்பாகத் தோன்றும். உயிரற்றதுபோற் கிடக்கும் செடியை அவ்வேளையிற் பெயர்த்து நடுவது யாது பயன் கருதி? இதற்கு விடை மண்ணுக்குள்ளே இருக்கின்றது.

பல்லாண்டுச் செடிகள் என்று இங்கே நாம் குறிப்பவை, ஆண்டுதோறும் தண்டும் இலையும் மடிந்து, வேரும் அடிக்குருத்தும் மட்டும் மண்ணில் உறங்கி, பருவம் வந்ததும் மீண்டும் தளிர்ப்பவை. நம் காந்தளும் மஞ்சளும் இவ்வியல்பினவே. நம் நாட்டில் அவற்றை உறங்கச் செய்வது வறட்சி, இங்கிலாந்திலோ குளிர். பியோனி, டெல்பினியம், ஹோஸ்டா முதலியன அந்நாட்டுத் தோட்டங்களில் இவ்வாறு வாழ்வன. ஆண்டுக்கு ஆண்டு புதிதாக நட்டுப் பிடுங்கியெறியும் பூச்செடிகளுக்கு மாறாக இவற்றை நிலையாக வைத்து வளர்க்கவேண்டும் என்று வில்லியம் ராபின்ஸன் 1870-இல் வெளியிட்ட தம் நூலில் வலியுறுத்தினார். கெர்ட்ரூட் ஜீக்கில் அம்மையாரும் அவ்வழியையே பேணி வளர்த்தார்.

லண்டன் மாநகர் ஏறக்குறைய ஐம்பத்தொன்றரை டிகிரி வட அட்சத்தில் உள்ளது. அதனையடுத்த அட்சத்திலுள்ள கனடா நாட்டுக் கால்கரி நகரிலே குளிர்காலத்தில் நிலம் கல்லென உறைந்துபோம். லண்டனிலோ அட்லாண்டிக் மாகடலின்மீது வீசிவரும் தென்மேல் காற்று குளிரின் கடுமையைத் தணிக்கின்றது. அன்றியும், மண் ஆகாயத்தைப்போல் விரைவில் வெப்பத்தை இழப்பதில்லை. இலையுதிர் காலத்து வெதுவெதுப்பு அதில் நெடுநாள் தங்கும். மண்ணின் வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி செண்டிகிரேடுக்கு மேலிருப்பின், தலைப்பகுதி உறங்கும்போதும் வேர் மெல்ல மெல்ல நீளும். இலையின்மையால் நீர் ஆவியாகும் செலவும் இல்லை. ஆதலால் பெயர்க்கும்போது அறுபட்ட வேர்களுக்குத் தம்மைச் செப்பஞ்செய்துகொள்ள ஓய்வு கிடைக்கின்றது. வசந்தத்தில் நட்ட செடியோ, இலையையும் வேரையும் ஒரே வேளையில் ஆக்கவேண்டியதாய், இரு தலைவர்க்கு ஒருங்கே பணிபுரியும் ஏவலாளன்போல் அல்லலுறும். மே, ஜூன் மாதங்களில் மழை பொய்த்தால் இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை வெளிப்படும்.

எனினும், குளிர் மிதமாயிருந்தால் மட்டும் போதாது. அந்நாட்டுத் தோட்டங்களிற் செடிகளைப் பெரிதும் கொல்வது குளிரன்று, நீரே என்பது என் துணிபு. களிமண் நிலத்தில் குழி தோண்டினால் அது குளமாகும். அதிலிட்ட வேர் மூச்சடைத்து அழுகும். கைப்பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தால் அது பிசின்போல் ஒட்டுமாயின், அன்று நடாமல் பொறுத்திருத்தலே நன்று. ஈரமண்ணை மிதிப்பதும் ஆகாது. நடும்போது அடிக்குருத்து நிலமட்டத்தில் நிற்கவேண்டும். பியோனியின் மொட்டுக்கண்ணை ஓரிரு அங்குலத்துக்குமேல் ஆழப் புதைத்தால் அது இலை மட்டும் விட்டுப் பல ஆண்டுகள் பூவாது நிற்கும். நட்டபின் சுற்றிலும் மக்கிய இலையுரத்தைப் பரப்புக. குருத்தின்மேல் மட்டும் குவிக்கலாகாது. உறைபனி மண்ணை இறுக்கியும் இளக்கியும் புதுச்செடியை மேலே தள்ளிவிடுமாதலால், அது நீங்கியதும் செடியை மெல்ல அழுத்திவிடுதல் வேண்டும்.

லவண்டர் முதலிய மத்தியதரைக் கடற்புறச் செடிகளும், தென்னாப்பிரிக்காவினின்று வந்த அகபாந்தசும் இந்நேரத்தில் நடத் தகாதன. அவை வசந்தம்வரை காத்திருக்கட்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே கடலிலுள்ள சில்லித் தீவுகளை 1834-இல் குத்தகைக்குப் பெற்ற அகஸ்டஸ் ஸ்மித் என்பவர், டிரெஸ்கோ என்னும் தீவில் ஒரு தோட்டம் அமைத்தார். உறைபனி அங்கே அரிதாதலால் வெப்பநாட்டுச் செடிகள் வெட்டவெளியிலே செழித்தன. ஆனால் 1987 ஜனவரியில் வெண்பனியும் கடுங்குளிரும் அத்தீவையும் எட்டின; தோட்டத்தின் பெரும்பகுதி மடிந்தது. பின்னர் அது மீண்டும் நடப்பெற்றது.

இனி, மிதமான குளிர்காலத்தின் வஞ்சனையைக் காண்போம். 1659-ஆம் ஆண்டு முதல் மத்திய இங்கிலாந்தின் மாத வெப்பம் கணக்கிடப்பட்டுள்ளது. அக்கணக்கிலே 2015 டிசம்பர் மாதமே டிசம்பர்களுள் மிக வெப்பமானது; அதன் சராசரி 9.7 டிகிரி, வழக்கத்தினும் ஏறக்குறைய 5 டிகிரி மிகுதி. வசந்தத்தின் தூதனாகிய டாபடில் மலர் கிறிஸ்துமஸுக்கு முன்னரே பல இடங்களில் மலர்ந்தது. செடிகள் ஏமாந்தது எங்ஙனம்? ஆப்பிள், பியோனி முதலியவற்றின் மொட்டுகள் இத்துணை நாள் குளிர் பெற்றோம் என்று கணக்கு வைப்பன. கணக்கு நிறையாவிடில் அவை சரிவரத் தளிர்ப்பதில்லை, பூப்பதுமில்லை. நிறைந்தபின்போ, சிறிது வெப்பமும் அவற்றை எழுப்பிவிடும். பின்னால் உறைபனி உண்டோ என்று அவை அறியா.

அவ்வாறு எழுந்தவை பட்ட பாட்டைப் பிரான்ஸ் நாடு கண்டது. 2021 மார்ச் மாத இறுதியில் வந்த வெம்மையால் திராட்சைக் கொடிகளும் பழமரங்களும் முன்னதாகவே தளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரத்து உறைபனி அத்தளிர்களைக் கருக்கியது. உழவர் இரவு முழுதும் தோட்டங்களில் தீ மூட்டிக் காத்தும் பெருஞ்சேதம் நேர்ந்தது. மொட்டு ஆகாயத்தில் நிற்கும் மரத்திற்கு அவ்வாண்டு விளைவு போனது போனதே. நாம் மேலே கூறிய பல்லாண்டுச் செடிகளுக்கோ முதல் தளிர் கருகினும் மண்ணுக்குள் மறைந்துள்ள கண்கள் எஞ்சியிருக்கும். அவை சில வாரங்களில் மறுபடி முளைத்து, சற்றே குட்டையாய் நின்று, சற்றே தாமதித்து மலரும்.