ஹுசைன் சாகர் கரையில் ஒரு காலைப்பொழுது

விடுமுறையும் பேரக்குழந்தைகளும் ஒன்றாக வந்து சேர்ந்தால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி "எங்கே போகலாம்?" என்பதுதான். ஹைதராபாத், செகந்திராபாத் வாசிகளான நமக்கு ஹுசைன் சாகர் இருக்கிறது. 1562-இல், இப்ராஹிம் குலி குதுப் ஷா காலத்தில் அமைத்த ஏரி. அதன் கரையான டாங்க் பண்டை பஸ்ஸில் கடக்கிறோமே தவிர, இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

சென்ற டிசம்பரில் புனேயிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேரனுக்குப் படகு வேண்டும், மருமகளுக்கு ராமோஜி பிலிம் சிட்டி. என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து அப்போது பதினான்கு மாதங்கள். வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறெதற்கும் வாசற்படி தாண்டியதில்லை. "நீங்கள்லாம் போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றாள். பேத்தி உடனே, "பாட்டி வரலேன்னா நானும் வரலே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். ஒரு செக்‌ஷனில் ஒரு பாலம் பலவீனமாக இருந்தால் எக்ஸ்பிரஸானாலும் கூட்ஸானாலும் அங்கே மெதுவாகத்தான் போகவேண்டும்; டிரைவர் கையில் காஷன் ஆர்டர் கொடுத்துவிடுவோம். குடும்பத்தோடு வெளியே போவதற்கும் அதே விதிதான். யார் மிக மெதுவாக நடக்கிறாரோ அவர் வேகமே எல்லோருக்கும் வேகம். (இந்த உவமையை வீட்டில் சொல்லவில்லை.) இப்படிக் கணக்குப் போட்டதும் பிலிம் சிட்டி தானே விலகிக்கொண்டது. ஏரியின் வடகரையிலுள்ள சஞ்சீவய்யா பூங்கா நின்றது. 1960 முதல் 1962 வரை ஆந்திர முதலமைச்சராக இருந்த தாமோதரம் சஞ்சீவய்யாவின் பெயர் தாங்கியது.

இரண்டு நாள் முன்பே நான் தனியாகப் போய் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் நடத்தினேன். அவளால் ஒரே மூச்சில் நூறு அடி நடக்க முடியும். ஆகவே வாசலிலிருந்து காலடி எண்ணிக்கொண்டே போய், சாய்மானமுள்ள பெஞ்சு எங்கே, கழிப்பறை எங்கே, படி எங்கே என்று குறித்துக்கொண்டேன். பூங்காவைப் பார்ப்பவர்கள் பூவைப் பார்ப்பார்கள். வயதானவர்களோடு போகிறவர் முதலில் கழிப்பறையைப் பார்க்கவேண்டும்.

நாற்றம் என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூகட்பள்ளி நாலா பல வருஷங்களாகக் கழிவுநீரைக் கொண்டுவந்து சேர்த்ததன் பலன் அது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். வடகரையில் உட்கார்ந்தால் காற்று நம் முதுகுப்பக்கமிருந்து ஏரியை நோக்கிப் போகும். மழைக்காலத்தில் இதே இடத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

எம்.எம்.டி.எஸ். ரயிலுக்கு சஞ்சீவய்யா பார்க் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆனாலும் ரயில்காரனான நானே ரயில் வேண்டாம் என்றேன். புறநகர் வண்டி நிற்கும் சில நொடிகளில் அவளை இறக்க முடியாது. ஏறி இறங்கத் தோதான வாடகைக் கார் ஒன்று பேசினோம்.

சக்கர நாற்காலிதான் பெரிய பிரச்சினை. "நாலு பேர் பாக்க அதுல உக்காரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானும் சரி என்று, வாடகைக்கு எடுத்த நாற்காலியில் புளியோதரை, தயிர்சாதம், தண்ணீர், ஜமக்காளம் எல்லாவற்றையும் ஏற்றி சாமான் வண்டியாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் கைத்தடியோடு முன்னால் நடந்தாள். மூன்றாவது பெஞ்சு தாண்டியதும் நின்றாள். பேத்தி ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

2016-இல் நாட்டிய 291 அடிக் கொடிக்கம்பத்தைப் பேரன் அண்ணாந்து பார்த்தான். ஏரி நடுவே நிற்கும் புத்தர் 1990-இல் கொண்டுபோகும் வழியில் தெப்பத்தோடு கவிழ்ந்து, உயிர்களையும் பலிகொண்டு, 1992-இல்தான் மீட்டு நிறுத்தப்பட்டார் என்ற கதையைச் சொன்னேன். எப்படித் தூக்கினார்கள் என்று அவன் கேட்ட கேள்விகளிலேயே ஒரு மணி நேரம் ஓடியது. பன்னிரண்டுக்கு முன்பே திரும்பிவிட்டோம். சாயங்காலம் மகன் குழந்தைகளை லும்பினி பூங்காவுக்கு அழைத்துப் போனான். "லைஃப் ஜாக்கெட் பட்டையை நீயே மாட்டிவிடு, படகுக்காரரை நம்பாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இரவு மாத்திரை போடும்போது மனைவி கேட்டாள்: "அந்த புத்தர்கிட்டே போற படகுல ஏறப் படி எத்தனை?"

வியாழக்கிழமை போய் எண்ணிக்கொண்டு வருவதாக இருக்கிறேன்.